ஆஸ்திரியப் பேரரசோட கேபினெட் மினிட்ஸ் பதிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப்போர் எப்படி ஆரம்பிச்சுதுன்னு எங்க பேச்சு வந்தாலும் யாராவது ஒருத்தர் "ஆஸ்திரியா கேபினெட் மினிட்ஸ்லயே இருக்கு பாரு"ன்னு ஒரு வரிய எடுத்து போடுவாரு, உடனே இன்னொருத்தர் "அது அரசாங்கம் எழுதினது, அத போயி நம்புறியா"ம்பாரு. அந்த மினிட்ஸ் எப்படி எழுதினாங்க, யார் யார் கைக்கு போயிட்டு நம்மகிட்ட வந்துச்சுன்னு ரெண்டு பேருமே யோசிக்கறதில்ல. அந்த மினிட்ஸ (அமைச்சரவை கூட்டக் குறிப்புகள) ஆராய்ச்சியாளருங்க குறிப்பு சேத்து தொகுதி தொகுதியா அச்சுல கொண்டு வர்ற பதிப்ப பத்தி, வரலாறு படிக்கிற பசங்க என்கிட்ட திரும்பத் திரும்ப கேட்ட சந்தேகங்கள இங்க அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். வரிசையா படிங்க, கீழ வர்ற பதிலுக்கு மேல சொன்னது தேவைப்படும்.

முதல்ல இது எந்த நாட்டு மினிட்ஸ்? எந்த காலம்?

வியன்னாவ தலைநகரா வச்சு ஹாப்ஸ்பர்க் குடும்பம் ஆண்ட பேரரசு. இன்னைக்கு இருக்கற ஆஸ்திரியா, ஹங்கேரி, செக், ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா, குரோஷியா எல்லாம் அதுக்குள்ள தான், போலந்து, உக்ரைன், ருமேனியா, இத்தாலியிலயும் ஒரு துண்டு அதுல இருந்துச்சு. 1848 மார்ச்ல வியன்னாவுல புரட்சி வெடிச்சு, பல வருஷமா எல்லாத்தையும் தன் கையில வச்சிருந்த மெட்டர்னிக் பதவிய விட்டுட்டு ஊர விட்டே கிளம்பினதுக்கு அப்புறம் தான் அங்க அமைச்சரவைன்னு ஒண்ணு முறையா வந்துச்சு.

அந்த மார்ச்ல இருந்து 1918ல பேரரசு உடையற வரைக்கும் 70 வருஷம். அந்த 70 வருஷமும் அமைச்சர்கள் கூடி பேசினதோட குறிப்ப தான் இங்க மினிட்ஸ்னு சொல்றேன். எல்லாம் ஜெர்மன்ல இருக்கும் (ஹங்கேரி அமைச்சரவை கதை வேற, அது பின்னாடி வருது).

ஒரு மினிட்ஸ் பாக்க எப்படி இருக்கும்? ஒண்ணு காட்ட முடியுமா?

அந்த காலத்து வியன்னா ஆபீஸ்ல தாள நீளவாக்குல ரெண்டா மடிச்சு ஒரு பாதியில எழுதுவாங்க, மறு பாதிய திருத்தம் போடறதுக்குன்னு காலியா விடுவாங்க. எழுத்து குரென்ட்னு ஒரு பழைய ஜெர்மன் கையெழுத்து. இன்னைக்கு ஜெர்மன்காரங்களே தனியா உக்காந்து கத்துக்கலன்னா அத படிக்க முடியாது.

அச்சு பதிப்புல 1850கள் தொகுதி ஒண்ண பிரிச்சீங்கன்னா, மேல நம்பர், ஊர், தேதி. அதுக்கு கீழ பொடி எழுத்துல சுருக்கமா ஒரு பத்தி இருக்கும்: இது ஃபேர் காப்பியா (சுத்தமா எழுதின நகல்) ட்ராஃப்ட்டா (முதல் வரைவு), எழுதினது யாரு (மார்ஹெர், ரான்ஸோனேன்னு ரெண்டு பேர் அடிக்கடி வரும்), தலைமை யாரு, யாரெல்லாம் வந்தாங்க, யார் வரல, அப்புறம் எந்த அமைச்சர் எந்த தேதியில அத வாங்கி படிச்சுட்டு கையெழுத்து போட்டாரு. அதுக்கு அப்புறம் பேசின விஷயங்கள் ஒண்ணு ஒண்ணா ரோமன் நம்பர்ல. கடைசியில பேரரசர் ஃப்ரான்ஸ் யோசஃப் பேர்ல ஒரே ஒரு வரி, இந்த மினிட்ஸ்ல உள்ளத நான் தெரிஞ்சுக்கிட்டேன்னு, கூட ஊரும் தேதியும்.

அந்த பொடி எழுத்து பத்திய முக்கால்வாசி பேரு தாண்டி போயிடுறாங்க. என்னை கேட்டா முதல்ல படிக்க வேண்டியதே அது தான். கூட்டம் நடந்த தேதி ஒண்ணு, அமைச்சர் கையெழுத்து அதுக்கு ரெண்டு மூணு நாள் கழிச்சு, பேரரசர் தேதி இன்னும் தள்ளி. அந்த இடைவெளி பூராவும் தாள் கை மாறிக்கிட்டே இருந்திருக்கு, அந்த காலி பாதியில யார் வேணா பேனாவ வச்சிருக்கலாம்.

பேசினத அப்படியே வார்த்தைக்கு வார்த்தை எழுதியிருப்பாங்களா?

இல்ல. நாடாளுமன்றத்துல சுருக்கெழுத்துக்காரங்க உக்காந்து எழுதினாங்க, அமைச்சரவையில அப்படி கிடையாது. செயலர் குறிப்பு எடுத்து, பின்னாடி கோர்வையா எழுதுவாரு, அதுவும் "நிதியமைச்சர் இப்படி கருதுறாரு, அதுக்கு உள்துறை அமைச்சர் அப்படி இல்லன்னாரு"ங்கற அயற்கூற்றுல. சத்தம் போட்டது, மேஜைய தட்டினது, நக்கல் அடிச்சது எல்லாம் அநேகமா வடிகட்டிடும். நம்ம ஊர் சங்கத்து மினிட் புத்தகத்துல "விவாதத்திற்குப் பின் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது"ன்னு ஒரு வரி இருக்குமே, அந்த வரிக்கு பின்னாடி ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அடிச்சுக்கிட்டது இருக்குமே, அந்த மாதிரி தான்.

ஆனா ஒண்ணு, வியன்னா மினிட்ஸ் வெறும் தீர்மானம் மட்டும் எழுதி விடறதில்ல. யார் எந்த பக்கம் நின்னாங்க, என்ன காரணம் சொன்னாங்கன்னு பக்கம் பக்கமா இருக்கும். வரலாற்று ஆசிரியர்களுக்கு இது பெரிய அதிர்ஷ்டம், ஏன்னா பல நாட்டு கேபினெட் பதிவுல முடிவு மட்டும் தான் மிஞ்சியிருக்கு.

அதான் ஆர்க்கைவ்ல பத்திரமா இருக்கே, ஸ்கேன் பண்ணி நெட்ல போட்டா போதாதா? எதுக்கு தனியா எடிட்டர், எதுக்கு இத்தன வருஷம்?

ரொம்ப அதிகமா வர்ற கேள்வி. ஸ்கேன் கண்டிப்பா வேணும், ஆனா அதுல தெரியறது தாள் மட்டும் தான். மினிட்ஸ்ல "ஏற்கனவே சமர்ப்பிச்ச அறிக்கையின்படி"ன்னு ஒரு வரி வரும். எந்த அறிக்கை? அது வேற துறையோட கட்டுல, வேற நம்பர்ல, சில சமயம் வேற கட்டடத்துல கிடக்கும். "அந்த விதவைக்கு ஓய்வூதியம்"னு இருக்கும், யாரு அந்த விதவை? "போன வாரம் விட்ட இடத்துல இருந்து"ன்னு ஆரம்பிப்பாங்க, போன வார கூட்டத்தோட மினிட்ஸ் காணாம போயிருக்கும்.

எடிட்டர் வேலைன்னா இத எல்லாம் தேடி பிடிச்சு ஃபுட்நோட்ல கட்டிப் போடறது. ஒரு விஷயம் முதல் தடவ வந்தது எங்க, அடுத்து வந்தது எங்க, கடைசியில சட்டமாச்சா இல்ல குப்பைக்கு போச்சா, பேரரசர் அதுல என்ன முடிவு எடுத்தாரு. அது இல்லாம நீங்க ஒரு கூட்டத்த மட்டும் படிச்சா, ஒரு அமைச்சர் ரொம்ப வீராப்பா எதிர்த்தாருன்னு நினைச்சுட்டு போயிடுவீங்க, நாலு நாள் கழிச்சு அவரே சரின்னுட்டது உங்களுக்கு தெரியவே தெரியாது.

ராஜா ஆட்சி தானே, அவர் சொன்னா முடிஞ்சுது. அமைச்சரவை எதுக்கு, அதுக்கு மினிட்ஸ் எதுக்கு?

அந்த 70 வருஷத்துல இதுக்கு ஒரே பதில் கிடையாது, அதனால தான் இந்த மினிட்ஸ் சுவாரசியம். 1848 டிசம்பர் 2ம் தேதி ஒல்முட்ஸ் ஊர்ல ஃப்ரான்ஸ் யோசஃப் பதவிக்கு வரும்போது வயசு 18. ஷ்வார்ட்ஸென்பெர்க் பிரதமர், அமைச்சரவை நிஜமாவே ஆட்சி பண்ணுது. 1851 ஆகஸ்ட்ல பேரரசர் ஒரு உத்தரவு போடறாரு, இனிமே அமைச்சர்கள் எனக்கு மட்டும் தான் பொறுப்புன்னு. அந்த வருஷம் டிசம்பர் 31ம் தேதி அரசியலமைப்பையே தூக்கிட்டாரு. 1852 ஏப்ரல்ல ஷ்வார்ட்ஸென்பெர்க் திடீர்னு செத்துப் போக, புதுசா பிரதமரே போடல. வெளியுறவு அமைச்சர் புவோல் கூட்டத்துக்கு தலைமை தாங்குவாரு, அவ்ளோ தான், கூட்டத்தோட பேரையே அமைச்சர் மாநாடுன்னு குறைச்சுட்டாங்க.

இப்ப யோசிச்சு பாருங்க, ராஜா நேர்ல உக்காராத கூட்டத்துல என்ன பேசினாங்கன்னு ராஜாவுக்கு தெரியணும். அதுக்கு தான் மினிட்ஸ். அதாவது அத எழுதினதே ஒரு ஆள் படிக்கறதுக்காக. இத மனசுல வச்சுக்கிட்டு படிச்சா, அமைச்சர்கள் ஏன் அவ்வளவு பணிவா, அவ்வளவு சுத்தி வளைச்சு பேசற மாதிரி இருக்குன்னு புரியும். ஒவ்வொரு மினிட்ஸுக்கும் ஒரு வாசகர் இருந்தாரு, அவருக்கு அவங்கள வீட்டுக்கு அனுப்பற அதிகாரமும் இருந்துச்சு.

பேரரசர் கையெழுத்து போட்டுட்டா அந்த முடிவுக்கு ஒத்துக்கிட்டாருன்னு தானே அர்த்தம்?

கிடையாது. மேல சொன்ன அந்த கடைசி வரிய திரும்ப பாருங்க, தெரிஞ்சுக்கிட்டேன்னு தான் இருக்கு. முடிவு வேணும்னா சம்பந்தப்பட்ட அமைச்சர் தனியா ஒரு விண்ணப்பம் எழுதி அனுப்பணும், அதுக்கு பேரரசர் தனியா உத்தரவு போடுவாரு. ஃபுட்நோட்ல அந்த உத்தரவோட தேதிய எடிட்டர் குடுத்திருப்பாரு. அமைச்சர்கள் எல்லாரும் சேந்து ஒண்ணு சொல்லி, அந்த உத்தரவு வேற மாதிரி வந்த கேஸும் உண்டு.

1867க்கு அப்புறம் மூணு கேபினெட்டுன்னு சொல்றாங்க, தலை சுத்துது.

சுத்தும், அந்த காலத்து ஆளுங்களுக்கே சுத்தியிருக்கு. 1867ல ஹங்கேரியோட ஒரு உடன்படிக்கை போட்டு பேரரச ரெண்டு நாடா பிரிச்சாங்க. வியன்னாவுல ஒரு அரசு, புடாபெஸ்ட்ல ஒரு அரசு, ரெண்டுக்கும் தனித்தனி பிரதமர், தனித்தனி நாடாளுமன்றம். வெளியுறவு, ராணுவம், அந்த ரெண்டுக்குமான நிதி மட்டும் பொது. பொது பிரதமர்னு யாரும் கிடையாது, வெளியுறவு அமைச்சர் தான் பொது கூட்டத்துக்கு தலைமை. பெரிய விஷயம்னா ரெண்டு பிரதமர்களும் வந்து உக்காருவாங்க.

அதனால பதிப்பும் வரிசை வரிசையா இருக்கு: 1848ல இருந்து 1867 வரைக்கும் ஒண்ணு, 1867க்கு அப்புறம் பொது அமைச்சரவைக்கு ஒண்ணு, வியன்னா அமைச்சரவைக்கு ஒண்ணு. புடாபெஸ்ட் அமைச்சரவை மினிட்ஸ் ஹங்கேரிய மொழியில, அது ஹங்கேரியோட தேசிய ஆர்க்கைவ்ல இருக்கு. அதுல உலகப்போர் கால மினிட்ஸ எம்மா இவானி 1960லயே பதிப்பிச்சுட்டாங்க.

இத யாரு பதிப்பிக்கிறாங்க? எப்ப ஆரம்பிச்சது?

ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் வேலைய பங்கு போட்டுக்கிட்டாங்க. 1867 வரைக்கும் உள்ளத வியன்னா பாத்துக்கும், பொது அமைச்சரவைய புடாபெஸ்ட் பாத்துக்கும்னு. ஹங்கேரி சோவியத் ராணுவ கூட்டணியிலயும் ஆஸ்திரியா நடுநிலையாவும் நின்ன பனிப்போர் காலத்துல இது நடந்துச்சுங்கறது சின்ன விஷயமில்ல. ஆனா பழக்கம் அதுக்கு முன்னாடியே இருந்துச்சு, 1926ல பாடன் ஊர்ல போட்ட ஒப்பந்தப்படி வியன்னா ஆர்க்கைவ்ல ஹங்கேரியோட பிரதிநிதி ஒருத்தர் நிரந்தரமா உக்காந்திருக்காரு.

ஹெல்முட் ரும்ப்ளர் 1970ல எழுதின அறிமுகத் தொகுதி தான் அடித்தளம், மினிட்ஸ்ங்கற ஆவணம் எப்படி உருவாகுதுன்னு அலசின புத்தகம். அடுத்த வருஷம் முதல் மினிட்ஸ் தொகுதி வந்துச்சு. நீங்க 1848 தான் முதல்ல வந்திருக்கும்னு நினைப்பீங்க, வந்தது 1865ல ஆரம்பிக்கற, பெல்க்ரெடிங்கறவர் தலைமையில இருந்த அமைச்சரவை, அதாவது 1867 வரைக்குமான வரிசையில கடைசி. புவோல் காலத்தோட முதல் தொகுதி 1975ல வால்ட்ராட் ஹைண்டல் பதிப்பிச்சாங்க. புரட்சி வருஷமான 1848 அச்சாகறதுக்கு 1996 ஆயிடுச்சு. ஒவ்வொரு அமைச்சரவையும் தனி பிரிவுங்கறதால இப்படி முன்ன பின்ன வர முடிஞ்சுது. இப்ப ஆஸ்திரிய அறிவியல் அகாடமி தான் நடத்துது, வேலை இன்னும் முடியல.

எழுத்துப்பிழை இருந்தா திருத்துவாங்களா? திருத்தினா அது அசல் இல்லையே?

எழுத்துக்கூட்டல இக்கால முறைக்கு மாத்திடுவாங்க, வார்த்தைய மாத்த மாட்டாங்க, வாக்கியத்த தொட மாட்டாங்க. பழைய கூட்டல அப்படியே வச்சா தேடறதுக்கு கஷ்டம், அதனால பெரிய லாபமும் இல்ல, ஏன்னா அது அமைச்சரோட எழுத்து கிடையாது, நகல் எடுத்த குமாஸ்தாவோட பழக்கம். நான் இதுல எடிட்டர் பக்கம். ஆனா சிலர் ஒரு கமா கூட மாறக்கூடாதுன்னு சண்டைக்கு வருவாங்க, மொழி ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அது நியாயமான கோரிக்கை தான், அவங்க ஸ்கேன பாக்கணும்.

பேரரசரை பத்தி வர்ற இடத்துல எல்லாம் வர்ற "மிக உயரிய", "மிகத் தாழ்மையுடன்" மாதிரி மரியாதை சொற்கள எடுத்துடல, ஒண்ணு ரெண்டு எழுத்தா சுருக்கி வச்சிருக்காங்க. எடுத்திருந்தா நான் மேல சொன்ன அந்த ஒரே வாசகர் பக்கத்துல இருந்தே காணாம போயிருப்பாரு.

பக்கத்துக்கு கீழ ரெண்டு விதமா ஃபுட்நோட் இருக்கே, ஏ பி சி மாதிரி எழுத்துல ஒண்ணு, நம்பர்ல ஒண்ணு. எது எதுக்கு?

எழுத்து போட்டது தாள்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லும்: இந்த வரிய அடிச்சிருக்காங்க, இது இன்ன அமைச்சர் தன் கையால சேத்தது, இது ஓரத்துல எழுதினது. நம்பர் போட்டது விஷயத்த விளக்கும்: யாரு, எந்த சட்டம், அடுத்து எங்க போச்சு.

அவசரத்துல இருக்கறவங்க நம்பர மட்டும் பாப்பாங்க. எனக்கு சுவாரசியம் முழுக்க அந்த எழுத்து போட்டதுல தான். ஒரு அமைச்சர் கூட்டத்துல "இது முடியவே முடியாது"ன்னு சொன்னதா செயலர் எழுதியிருப்பாரு, படிச்சு பாக்க வந்தப்ப அவரே அத அடிச்சுட்டு "இதுல சில சிரமங்கள் உண்டு"ன்னு மாத்தற மாதிரி திருத்தம் எல்லாம் அங்க தான் பிடிபடும். வெறும் இறுதி பாடம் மட்டும் அச்சுல இருந்தா நமக்கு கிடைக்கறது அந்த சிரமங்கள் மட்டும் தான்.

மினிட்ஸ் எரிஞ்சு போச்சுன்னு கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை, ஆனா எல்லாம் இல்ல. 1927 ஜனவரியில ஷாட்டென்டார்ஃப்ங்கற ஊர்ல நடந்த துப்பாக்கிச்சூட்டுல செத்தவங்க கேஸ்ல குற்றம் சாட்டப்பட்டவங்கள விடுதலை பண்ணிட்டாங்க. அதுக்கு கொதிச்சு போயி ஜூலை 15ம் தேதி வியன்னாவுல கூட்டம் கூடி நீதி மாளிகைக்கு தீ வச்சுது, போலீஸ் சுட்டதுல ஏகப்பட்ட பேர் செத்தாங்க. அந்த கட்டடத்துல கோர்ட் மட்டும் இல்ல, உள்துறை, நீதித்துறையோட ஆவணக் காப்பகமும் இருந்துச்சு. 1867க்கு அப்புறமான வியன்னா அமைச்சரவை மினிட்ஸ் அங்க தான் இருந்துச்சு. பாதி சாம்பல், மிச்சம் ஓரம் கருகி, தீயணைக்க அடிச்ச தண்ணில ஊறி. ஆர்க்கைவ்ல இன்னைக்கும் அதுக்கு தீக்கட்டுன்னு தனி பேரே இருக்கு.

1848ல இருந்து 1867 வரைக்கும் உள்ளதும் பொது அமைச்சரவையோடதும் மினோரிட்டன்பிளாட்ஸ்ல இருக்கற வேற ஆர்க்கைவ் கட்டடத்துல இருந்ததால தப்பிச்சுது. இந்த ஒரு வித்தியாசத்தால தான் எரிஞ்ச வரிசையோட பதிப்பு ரொம்ப தாமதமா ஆரம்பிச்சுது. ஸ்டெஃபான் மால்ஃபேர் பதிப்பிச்ச முதல் தொகுதி 2018ல தான் வந்துச்சு, அதுவும் 1867ங்கற ஒரே வருஷத்துக்கு.

ஓரம் எரிஞ்ச தாள்ல பாதி வரி தானே இருக்கும்? மிச்சத்த எடிட்டர் கற்பனை பண்றாரா?

ஓரம் கருகின தாள்ல நடுப்பகுதி நிக்கும், வரியோட தலையோ வாலோ போயிருக்கும். ஜெர்மன் வாக்கியத்துல வினைச்சொல் பல சமயம் கடைசியில வரும், நம்ம தமிழ் மாதிரியே, அதனால வால் போச்சுன்னா ஒத்துக்கிட்டாரா மறுத்தாரான்னே தெரியாம போற ஆபத்து இருக்கு.

இங்க விதி கறாரானது. எடிட்டர் தானா சேத்தது எதுவா இருந்தாலும் அடைப்புக்குறிக்குள்ள போகணும், நிரப்ப முடியாதத காலியா விட்டு காலின்னு காட்டணும். ஒரு வார்த்தையோட பாதி நிக்குதுன்னா நிரப்பறது சுலபம். ஒரு வரியே போச்சுன்னா அடுத்த வழி, அதே விஷயம் வேற எங்கயாவது பதிவாகியிருக்கான்னு தேடறது: பேரரசரோட கேபினெட் அலுவலக பதிவேடு வேற கட்டடத்துல பொழைச்சு கிடக்கு, அமைச்சகத்துக்கு போன நகல், பேரரசருக்கு போன விண்ணப்பம்னு ஒவ்வொண்ணா. அது சில சமயம் "இன்ன தேதியில இன்ன விஷயம் பேசினாங்க"ங்கற அளவுக்கு மட்டும் தான் குடுக்கும். அதுக்கு மேல எழுதினா அது பதிப்பு இல்ல, நாவல்.

1914 ஜூலை 7 மினிட்ஸ்ல போர் முடிவு தெளிவா இருக்குன்னு சொல்றாங்களே?

பொது அமைச்சரவை கூட்டம் அது. சரயேவோவுல பட்டத்து இளவரசர சுட்டுக் கொன்னு ஒன்பது நாள் ஆகியிருந்துச்சு. தலைமை வெளியுறவு அமைச்சர் பெர்ஷ்டோல்ட். ஆஸ்திரிய பிரதமர் ஷ்டுர்க், ஹங்கேரி பிரதமர் டிசா, நிதி அமைச்சர் பிலின்ஸ்கி, போர் அமைச்சர் க்ரோபாட்டின். ராணுவ தலைமை தளபதி கொன்ராட் கூப்பிட்டப்ப வந்தாரு. பேரரசர் அன்னைக்கு இல்ல, தன் கோடை வாசஸ்தலமான பாட் இஷ்லுக்கு கிளம்பிட்டாரு. மினிட்ஸ் என்ன சொல்லுதுன்னா, செர்பியாவ வெறும் ராஜதந்திரத்துல அவமானப்படுத்தினா பிரயோஜனம் இல்ல, நிராகரிக்கிற அளவுக்கு கடுமையா கோரிக்கை வைக்கணும், அப்பதான் ராணுவ நடவடிக்கைக்கு வழி பிறக்கும்னு டிசாவ தவிர எல்லாரும் நினைச்சாங்க. டிசா முன்னறிவிப்பு இல்லாம திடீர்னு தாக்கறதுக்கு சம்மதிக்கவே மாட்டேன்னுட்டாரு.

இப்ப அந்த பொடி எழுத்துக்கு வாங்க. மினிட்ஸ் எழுதினது யாரு? கவுண்ட் ஹொயோஸ். ரெண்டு நாள் முன்னாடி பெர்லினுக்கு போயி ஜெர்மனியோட முழு ஆதரவ வாங்கிட்டு வந்த அதே ஹொயோஸ், வெளியுறவு அமைச்சகத்துல போர் வேணும்னு நின்ன ஆளு. அவர் பொய் எழுதினாருன்னு சொல்ல வரல. ஆனா டிசாவோட எதிர்ப்ப நாம படிக்கறது டிசாவோட எதிரணி ஆள் கையெழுத்துல. அதனால தான் டிசா மறுநாளே பேரரசருக்கு தனியா எழுதி அனுப்பின விண்ணப்பத்தையும் பக்கத்துல வச்சு படிக்கணும். பேரரசர் இந்த மினிட்ஸ தெரிஞ்சுக்கிட்டேன்னு எழுதின தேதி ஆகஸ்ட்ல வருது, அப்ப போரே ஆரம்பிச்சாச்சு.

மினிட்ஸ்ல இல்லன்னா அந்த பேச்சு நடக்கவே இல்லன்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கவே கூடாது. அதே ஜூலை 7 கூட்டத்துல கொன்ராட் படைய எப்படி நகத்தறதுன்னு விளக்கினாரு. ரகசியம்ங்கறதால அது மினிட்ஸ்ல ஏற வேணாம்னு அவரே கேட்டுக்கிட்டாரு, மினிட்ஸ்ல விளக்கினாருங்கற செய்தி இருக்கு, விளக்கம் இல்ல.

ஜூலை 19ம் தேதி கூட்டம் இன்னும் நல்ல உதாரணம். பெர்ஷ்டோல்ட் வீட்டுல ரகசியமா கூடி செர்பியாவுக்கு அனுப்பற இறுதி எச்சரிக்கைய முடிவு பண்ணாங்க. அதுக்குள்ள டிசா மனசு மாறியிருந்தாரு, ஆனா செர்பியாவோட நிலத்த நம்ம நாட்டோட சேத்துக்க மாட்டோம்னு எல்லாரும் ஒத்துக்கணும்னு நிபந்தனை போட்டாரு, ஒத்துக்கிட்டாங்க, மினிட்ஸ்ல பதிவாச்சு. கூட்டம் முடிஞ்சு வெளிய வரும்போது கொன்ராட் போர் அமைச்சர்கிட்ட, பால்கன் போருக்கு முன்னாடியும் வல்லரசுங்க எல்லாம் எல்லை மாறாதுன்னு தான் சொன்னாங்க, போர் முடிஞ்சதும் எவனும் அத கண்டுக்கலன்னு சொல்றாரு. இது அவரோட நினைவுக்குறிப்புல இருக்கு, மினிட்ஸ்ல எப்படி இருக்கும்? நினைவுக்குறிப்ப எழுதினது போர்ல தோத்ததுக்கு அப்புறம், அதையும் கணக்குல வச்சுக்கணும்.

இந்த ரகசிய மினிட்ஸ் எல்லாம் எப்ப வெளிய வந்துச்சு? மறைக்க பாக்கலையா?

பேரரசு உடைஞ்சதும் மறைக்கறதுக்கு ஆளே இல்லாம போச்சு. 1919லயே புது குடியரசு 1914 ஜூலை ஆவணங்கள வெளியிட்டுச்சு, பழைய ஆட்சி என்ன பண்ணுச்சுன்னு காட்டறதுல அவங்களுக்கு லாபம் இருந்துச்சு. ஆனா டிசாவுக்கு அது உதவல. போருக்கு அவர் தான் காரணம்னு ஊரே நம்பி, 1918 அக்டோபர் 31ல அவர் வீட்டுக்குள்ள புகுந்து சுட்டுக் கொன்னுட்டாங்க. எதிர்த்த ஒரே ஆளு அவர் தான்னு காட்டற மினிட்ஸ் அடுத்த வருஷம் தான் அச்சுக்கு வந்துச்சு.

1919 வெளியீடு அரசியலுக்கான தொகுப்பு. 1914ல இருந்து 1918 வரைக்கும் பொது அமைச்சரவை மினிட்ஸ ஆராய்ச்சி முறைப்படி மிக்லோஷ் கொம்யாத்தி புடாபெஸ்ட்ல 1966ல கொண்டு வந்தாரு. அதுக்கு முந்தின 1908ல இருந்து 1914 வரைக்கும் உள்ள தொகுதி 2011ல தான் வந்துச்சு, பின்னாடி நடந்தத முதல்லயும் முன்னாடி நடந்தத கடைசியிலயும் படிக்க வேண்டிய நிலைமை.

பென்ஷன், ரயில் பாதை, பத்திரிகை தடைன்னு பக்கம் பக்கமா போரடிக்குது. முக்கியமானத மட்டும் போட்டிருக்கலாமே?

எது முக்கியம்னு 1975ல முடிவு பண்ணியிருந்தா 2025ல படிக்கறவன் திட்டுவான். 1854ல எடுத்த தேசிய கடன் கதைய பாருங்க. 500 மில்லியன் கில்டன் (அந்த காலத்து ஆஸ்திரிய நாணயம்) வரைக்கும் மக்கள்கிட்ட கடன் வாங்கறதுன்னு அறிவிச்சாங்க, பேரு தானா முன்வந்து குடுக்கற கடன், நடைமுறையில அதிகாரிங்க ஊர் ஊரா இலக்கு வச்சு வசூல் பண்ணாங்க. 1859ல பாத்தா, அனுமதிச்சத விட 111 மில்லியன் கூடுதலா பத்திரம் வித்திருக்காங்கன்னு வெளிய வந்து நாறிப் போச்சு. இப்படி ஒண்ணு வெடிக்கும்போது பின்னாடி போயி தேடறது எங்க? வாரா வாரம் வர்ற அந்த சலிப்பான நிதி விவரத்துல தான்.

முழுசா போட்டதுல இன்னொரு லாபம், ஒரு அமைச்சரவை நாள் பூரா எத பத்தி கவலைப்பட்டுச்சுன்னு தெரியும். ஐரோப்பாவே பத்தி எரியற வாரத்துல அவங்க ஒரு அதிகாரிக்கு பதக்கம் குடுக்கலாமா வேணாமான்னு அரை மணி நேரம் பேசியிருப்பாங்க.

ஊர் பேர் எந்த மொழியில போடுவாங்க? ஒவ்வொரு ஊருக்கும் மூணு பேர் இருக்கே.

மினிட்ஸ்ல இருக்கற ஜெர்மன் பேர பாடத்துல அப்படியே விடணும், இல்லன்னா ஆவணம் மாறிடும். பெயர் அகராதியில மத்த பேர கட்டி வைக்கணும்: பிரெஸ்பர்க்னு இருக்கறது தான் ஹங்கேரியில பொஜோன், இன்னைக்கு பிராட்டிஸ்லாவா. லெம்பெர்க் போலிஷ்ல ல்வூஃப், உக்ரைன்ல இன்னைக்கு ல்விவ். இது இல்லாம ஒரு உக்ரைன் மாணவன் தன் ஊர தேடினா பூஜ்யம் தான் வரும்.

இப்ப ஏஐ பழைய கையெழுத்த படிச்சுடுதே, இனி எடிட்டர் தேவையா?

கையெழுத்து வாசிக்கறதுக்கு ட்ரான்ஸ்க்ரிபஸ் மாதிரி மென்பொருள் இருக்கு, அது இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்துல இருந்து, அதாவது ஆஸ்திரியாவுல இருந்தே வந்தது, குரென்ட் எழுத்துல நல்லா பயிற்சி குடுத்தா அசத்துது. சுத்தமான ஃபேர் காப்பிக்கு பெரிய உதவி. அடிச்சு திருத்தின ட்ராஃப்ட்டுலயும் கருகின தாள்லயும் அது தடுமாறும், அத விட ஆபத்து, சில கருவிங்க இல்லாத வார்த்தைய அழகா நிரப்பிடும், அடைப்புக்குறி போடாது. எரிஞ்ச தாள் கேள்வியில சொன்ன விதிய அது மீறிட்டதே நமக்கு தெரியாது.

படிக்கறது வேலையில ஒரு பகுதி தான். அந்த விதவை யாரு, அந்த அறிக்கை எங்கன்னு தேடறதுக்கு இன்னும் ஆள் தான் போகணும், ஏன்னா அந்த கட்டுகள்ல நிறைய இன்னும் ஸ்கேனே ஆகல.

எனக்கு ஜெர்மன் அரைகுறை. எங்க ஆரம்பிக்கறது, மேற்கோள் எப்படி குடுக்கறது?

தொகுதிகள அகாடமி இணையத்துல இலவசமா வச்சிருக்கு, எக்ஸ்எம்எல்ல (கம்ப்யூட்டர் புரிஞ்சுக்கற குறியீட்டு வடிவத்துல) குறியிட்டிருக்கறதால பேர், ஊர், தேதி வச்சு தேடலாம், மொழிபெயர்ப்பு கருவிய ஓட்டி சாரத்த பிடிச்சுக்கலாம். அயற்கூற்ற மட்டும் அந்த கருவிங்க அடிக்கடி கோட்டை விடும், அமைச்சர் சொன்னத எல்லாம் நடந்த உண்மை மாதிரி மொழிபெயர்த்துடும், அங்க மூல வாக்கியத்த ஒரு தடவ பாத்துடுங்க. 1914 ஜூலை 7 கூட்டத்துக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு இருக்கு, அத வச்சு பழகிட்டு மத்ததுக்கு போங்க.

மேற்கோள் குடுக்கும்போது "ஆஸ்திரியா கேபினெட் மினிட்ஸ், 1852"ன்னு மொட்டையா போடாதீங்க. எந்த வரிசை, எந்த பிரிவு, எந்த தொகுதி, மினிட்ஸ் நம்பர், கூட்டம் நடந்த தேதி, ரோமன் நம்பர்ல எந்த விஷயம், அவ்வளவும் வேணும். ஃபுட்நோட்ல இருந்து எடுத்ததுன்னா அதையும் சொல்லுங்க, ஏன்னா அது எடிட்டர் சொன்னது, அமைச்சர் சொன்னதில்ல. அடைப்புக்குறிக்குள்ள இருந்த வார்த்தைய மேற்கோள்ல எடுத்தா அடைப்புக்குறியோடயே எடுங்க.